வாசலில் எரியும் பனை

காடைமலைக் கோட்டைக்கு வாசல் உண்டு, கதவு கிடையாது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கல்தூண், தலைக்கு மேல் பெரிய உத்தரக்கல், கீழே கதவின் குடுமி சுழன்ற குழி, பக்கச் சுவரில் கதவுக்குக் குறுக்கே போடும் கணையமரம் செருகிய துளை, எல்லாம் அப்படியே இருக்கின்றன. கதவு மட்டும் எந்தக் காலத்திலோ போய்விட்டது. அந்தப் போன கதவுக்காக என் ஆயுசில் பாதியை நான் அழுதே தீர்த்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன், நடுவில் யாரும் குறுக்கே பேசக் கூடாது.

நான் குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பெண். பெயர் மீனம்மாள். காடைமலை அடிவாரத்தில் இருக்கும் காடைப்பட்டியில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரர் பெயரை நான் சொல்லக் கூடாது. ஊரில் அடைக்கலம் என்று கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மாட்டைக்கூட அதட்டத் தெரியாத மனுஷர். வயல் எவ்வளவு, கண்மாய்ப் பாய்ச்சல் உண்டா, மாமியார் வாய் எப்படி என்றெல்லாம் என் அப்பா துருவித் துருவி விசாரித்துத்தான் கொடுத்தார். மலைமேல் இடிந்து கிடக்கிற கோட்டையைப் பற்றியும் விசாரிக்க வேண்டும் என்று பாவம், அவருக்கு எப்படித் தோன்றும்?

கல்யாணமான வருஷம் கார்த்திகைக்கு ஊரே மலை ஏறியது. நானும் புதுச்சேலை கட்டிக்கொண்டு, தட்டில் அகலும் பொரியுமாக ஏறினேன். வாசலுக்கு வந்ததும் எல்லாரும் உள்ளே போனார்கள். நானும் காலை எடுத்து வைக்கப் போனேன். பின்னாலிருந்து என் மாமியார் முந்தானையைப் பிடித்து இழுத்து, நாம் இங்கேதான் நிற்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரரும் அவர் அப்பாவும் அடிவாரத்திலிருந்து தோளில் சுமந்து வந்த பனைத்துண்டை வாசலுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றார்கள். ஊர்த்தலைமை பார்க்கும் அம்பல வீட்டு ஆட்கள் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய், கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தில் குழி தோண்டி நட்டு, காய்ந்த ஓலையைச் சுற்றிக் கட்டி, உள்ளே நின்றபடி நெருப்பு வைத்தார்கள். மற்ற ஊர்களில் சொக்கப்பனையைக் கோயிலுக்கு முன்னால் கொளுத்துவார்கள். எங்கள் ஊரில் கோட்டை வாசலில்தான் கொளுத்துவார்கள். கதவில்லாத கோட்டைக்கு அன்று ஒரு பொழுது நெருப்புத்தான் கதவு என்பது வழக்கம். உள்ளே ஊர் முழுக்க நின்றது, நடுவில் நெருப்பு எரிந்தது, வெளியே நாங்கள் நாலு பேர் நின்றோம்.

நெருப்பு தணிந்ததும் அந்தச் சாம்பலை அள்ளி நெற்றியில் பூசிக்கொள்வார்கள். மாட்டுக்குப் பூசுவார்கள், வயலில் தூவுவார்கள். எங்கள் வீட்டுக்கு அதில் ஒரு சிட்டிகை கிடையாது. அவர்கள் சாம்பலைத் தாண்டி வெளியே வருவதற்குள் நாங்கள் மலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். இறங்குகிற வழியெல்லாம் நான் நச்சரித்த பிறகுதான் என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார்.

அந்தக் காலத்தில் ஓர் அரையன் அந்த மலையில் கோட்டை கட்டியிருந்தானாம். சுற்றுவட்டாரத்துக் கண்மாயும் வயலும் அவன் காவலில் இருந்தன. உச்சியில் கோடைக்கும் வற்றாத சுனை. நெல் கொட்டி வைக்கச் செங்கல் களஞ்சியம். ஏறி வர ஒரே வழி, அந்த வழிக்கு ஒரே வாசல். தெற்கேயிருந்து பெரும்படை வந்து மலையைச் சுற்றி உட்கார்ந்தது. மேலே இருப்பவர்களுக்குச் சோறும் தண்ணீரும் இருந்ததால், கீழே உட்கார்ந்தவர்கள்தான் காய்ச்சல் கண்டு சலித்துப் போனார்கள். அப்புறம் ஒருநாள் விடிகிற நேரத்தில் வாசல் திறந்து கிடந்ததாம். படை உள்ளே புகுந்தது, அரையன் செத்தான், கோட்டை விழுந்தது. வாசல் காவலன்தான் உள்ளேயிருந்து கணையமரத்தை உருவிக் கதவைத் திறந்துவிட்டான் என்று ஊர் சொல்லும். அந்தக் காவலன் வழிவந்தது என் வீட்டுக்காரர் வீடு. செய்த தப்புக்கு அவன் வம்சம்தான் வருஷா வருஷம் நெருப்புக் கதவுக்கு மரம் சுமந்து வர வேண்டும், வாசலைத் தாண்டக் கூடாது. அவன் எதற்காகத் திறந்தான், அவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவன் பெயரைக்கூட ஊர் மறந்துவிட்டது. பழியை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது.

கோட்டை அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டீர்களானால், அதையும் சொல்கிறேன். வந்த படை கொஞ்சம் இடித்தது. மழை கொஞ்சம் இடித்தது. கண்மாய்த் தண்ணீர் வழிந்தோடும் கலிங்குக்குக் கல் வேண்டும் என்று எங்கள் ஊர்க்காரர்களே மேலைச் சுவரை உருட்டி இறக்கினார்கள். களஞ்சியத்துச் செங்கல் இன்றைக்கும் அம்பல வீட்டு மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். இத்தனை பேர் சேர்ந்து இடித்த கோட்டைக்கு எங்கள் வீடு ஒன்றுதான் துரோகியாம். எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?

ஊர் எங்களை ஒதுக்கி வைத்தது என்று சொன்னால் அது அபாண்டம். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தோம், ஒரே வயலில் நாற்று நட்டோம், நல்லது கெட்டதுக்குப் போய் வந்தோம். ஆனால் யாரும் எங்களை முறை சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஊர் அம்பலம் சிவசாமி எனக்கு அண்ணன் முறை, என் வீட்டுக்காரருக்கு மச்சான் முறை. நான் அண்ணே என்று கூப்பிட்டால் 'ம்' என்பார். என் வீட்டுக்காரரை 'அடைக்கலம்' என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், 'மாப்ளே' என்ற சொல் அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. முறை சொல்லாத ஊரில் பெண் கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. அதனால்தான் இந்த வீட்டுக்கு என்னை அவ்வளவு தூரத்திலிருந்து பிடித்து வந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். என் மகள் அமராவதிக்கு மாப்பிள்ளை பார்க்கிற வரைக்கும்தான் பொறுக்க முடிந்தது.

ஜெர்மன்காரன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. என் தங்கச்சி சொர்ணத்தைப் பொன்னமராவதியில் கொடுத்திருந்தோம். அவள்தான் அந்த இடத்தைக் கொண்டுவந்தாள். பையன் மளிகைக்கடை வைத்திருந்தான், வெற்றிலைகூடப் போடாதவன். பெண் பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துப் போயிற்று. பையனின் அம்மா அமராவதியின் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்து வண்டி ஏறிப் போகிறவர்கள், சும்மா போகாமல் கண்மாய்க்கரையில் யாரிடமோ வீட்டைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான் கோட்டைக் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லியனுப்பிவிட்டான். காட்டிக்கொடுத்த வீட்டில் பெண் எடுத்தால் கடைக்கு வருகிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று பையனின் அம்மா யோசிக்கிறாள் என்று சொர்ணம் வந்து சொன்னாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அமராவதி ஒன்றும் கேட்காமல் தொழுவத்துக்குப் போய்விட்டாள். அவள் கேட்டிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் ஆவணி மாதத்தில் புதுக்கோட்டையிலிருந்து ஆத்மநாதன் என்ற வாத்தியார் சைக்கிளில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, சமஸ்தானத்தில் எங்கெல்லாம் மலைக்கோட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் பார்த்துப் புத்தகம் எழுதுகிறவராம். ஒல்லியான, மரியாதையான மனுஷர். அம்பல வீட்டில் தங்கினார். ஊரில் இருக்கும் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கோட்டைக் கதையைக் கேட்டார். எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டார். இவரும் தன் பாட்டன் கதவு திறந்ததை வெட்கப்படாமல் சொல்லிவிட்டு வந்தார்.

ஒன்று கவனியுங்கள். ஒருவர்கூட அவரிடம் கார்த்திகைச் சொக்கப்பனையைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அவர் கேட்டது கோட்டையின் சரித்திரம். கார்த்திகை சாமி காரியம். அதைப் போய்ச் சரித்திரம் என்று யாருக்குத் தோன்றும்?

கதை கேட்டு முடித்த பிறகு அவர் மலைமேல் வாசலைச் சுத்தம் செய்து பார்க்க ஆள் கேட்டார். என் வீட்டுக்காரர் உட்படச் சிலர் மண்வெட்டியோடு போனார்கள். வெளிப்பக்கம் நின்று வெட்டுவதென்றால் எங்கள் வீட்டுக்கும் தடையில்லை. நானும் மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலுக்கு நடுவில் மண்ணை எடுக்க எடுக்கச் சாம்பல் வந்தது. அதற்குக் கீழே கரி. அதற்கும் கீழே சாம்பல். முழங்கால் ஆழம் போயும் கரி நிற்கவில்லை. வாத்தியார் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார். தூணைத் தடவிப் பார்த்தார், விரல் கறுப்பாயிற்று. கல் சூட்டில் வெடித்து ஏடு ஏடாக உரிந்திருந்ததைக் காட்டினார். உத்தரக்கல்லின் அடிவயிற்றைக் காட்டினார், அது அடுப்படிச் சுவரைவிடக் கறுப்பாக இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மேலே ஏறி வந்து எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "உங்க ஊர்க் கதை தப்புங்க. இந்தக் கதவை யாரும் தொறக்கல. எரிச்சிருக்காங்க. வெளியில இருந்த படை மரத்தைக் குவிச்சு, நெருப்பு வச்சு, கதவை எரிச்சுட்டுத்தான் உள்ள போயிருக்கு. காவக்காரன் மேல ஒரு தப்பும் இல்ல. நான் இதைப் புத்தகத்துல எழுதப்போறேன்."

மோர்ப்பானையைக் கீழே வைத்துவிட்டேன். என் காதையே நம்ப முடியவில்லை. அடுத்த கணமே விஷயம் புரிந்துவிட்டது. அது எங்கள் சொக்கப்பனைச் சாம்பல். எத்தனையோ தலைமுறையாக அதே குழியில் எரித்த பனைமரத்துக் கரி. அங்கே மண்வெட்டியோடு நின்ற ஒவ்வொருவனுக்கும் அது தெரியும். அம்பலம் சிவசாமிக்குத் தெரியாதா? வருஷா வருஷம் தன் கையால் நெருப்பு வைக்கிறவர் அவர்தானே! யாராவது வாயைத் திறந்துவிடுவார்கள் என்று நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் திறக்கவில்லை. ஒருவன் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினான். ஒருவன் வானத்தைப் பார்த்து மழை வருமா என்றான். சிவசாமி இருமினார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் உள்ளங்கையில் கொஞ்சம் கரியை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் கரியைக் கீழே போட்டார்.

அன்று மாலையே ஆள் பிடித்துப் பொன்னமராவதிக்குச் சொல்லியனுப்பினேன். கோட்டைக் கதவை யாரும் திறக்கவில்லையாம், எரித்தார்களாம், புதுக்கோட்டை வாத்தியார் அச்சில் போடப் போகிறாராம் என்று. அமராவதிக்குத் தலை பின்னிவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் என்னோடு சேர்ந்து சிரித்தாள். இவர் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. இருபது வருஷம் குடும்பம் நடத்தினவளுக்குப் புரியாதா?

"வாயத் தொறந்தீங்க, நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன். சொல்லிட்டேன்," என்றேன்.

அவர் கையைக் கழுவினார். "அந்தப் பனையச் சொமந்தது என் தோளு மீனா. தோளுக்குத் தெரியுமுல்ல," என்றார்.

தோளுக்குத் தெரிந்தால் தோள் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும் என்றேன். உங்கள் பாட்டன் செய்யாத தப்புக்கு இத்தனை நாள் சுமந்தீர்கள், சாமியே பார்த்து ஒரு வழி காட்டியிருக்கிறது, அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். மகளை நினைத்துப் பாருங்கள் என்றேன். திட்டினேன், அழுதேன். அவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். அந்த மனுஷர் சரி சரி என்றாலே எனக்குப் பயம்.

மறுநாள் காலையில் வாத்தியார் கிளம்பினார். கண்மாய்க்கரையில் சிவசாமியும் ஊர்க்காரர்களும் நின்று வழியனுப்பினார்கள். நான் குடத்தோடு தண்ணீருக்குப் போகிறவள் போல அங்கே போய் நின்றேன். வாத்தியார் சைக்கிளில் ஒரு காலைத் தூக்கிப் போட்டுவிட்டார். இன்னும் ஒரு மிதி மிதித்திருந்தால் போதும், எங்கள் பழி போயிருக்கும். அப்போது பார்த்து என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வாத்தியாரய்யா, ஒரு நிமிசம் நில்லுங்க. அந்தச் சாம்பல் கோட்டைச் சாம்பல் இல்லீங்க. நாங்க கார்த்திகைக்கு அந்த வாசல்லதான் சொக்கப்பனை கொளுத்துவோம். மரம் சொமக்குறது எங்க வீடு. எங்க அப்பா சொமந்தாரு, அவுக அப்பா சொமந்தாரு. அந்தக் கரியெல்லாம் நாங்க சொமந்ததுங்க."

முதலில் வாயைத் திறந்தது சிவசாமிதான். அவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "ஏய் அடைக்கலம், ஒனக்கென்ன பைத்தியமா? ஊரே வாயப் பொத்திக்கிட்டு நிக்கிது. ஒனக்கு மட்டும் என்னப்பா வந்துச்சு?" என்று கத்தினார். கத்திவிட்டு, தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே அப்புறம்தான் உறைத்தது போலிருந்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

வாத்தியார் சைக்கிளை விட்டு இறங்கி, ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். கோபப்படவில்லை. சொக்கப்பனை எப்படி நடுவார்கள், எங்கே நடுவார்கள் என்று பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தான் திருவிழாவைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும், கேட்காதது தன் தப்பு என்றார். பிறகு இவரிடம், இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் உங்கள் வீட்டுக்குத்தானே நல்லது, ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"நாளைக்கி வேற ஒருத்தரு கார்த்திகைக்கு வந்து பாத்தாருன்னா, எங்க வீட்டுக்கு ரெண்டு பழியாயிருமுங்க. கதவைத் தொறந்தது ஒண்ணு, அதை மறைச்சது ஒண்ணு. மொதப் பழி எங்க பாட்டன் சம்பாதிச்சது. ரெண்டாவதை நான்ல எம் மகளுக்குக் குடுத்துட்டுப் போகணும்," என்றார் இவர்.

வாத்தியார் எல்லாருக்கும் கேட்கும்படி, கதவை எரித்தார்கள் என்று எழுத இனி எனக்கு ஆதாரம் இல்லை, காவல்காரன் திறந்தான் என்பதற்கும் நீங்கள் சொல்கிற கதையைத் தவிர ஆதாரம் இல்லை, அதனால் இரண்டையும் எழுத மாட்டேன் என்றார். இவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட்டு என்ன செய்ய? நான் காலிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கப்புறம் நான் அவரோடு பேசவில்லை. ஆத்தா வீட்டுக்கும் போகவில்லை, அது வேறு விஷயம். விதைப்புக்குக் கிடக்கிற வேலையை விட்டுவிட்டு எங்கே போவது? சோறு போடுவேன், தட்டை நங்கென்று வைப்பேன். அவர் சாப்பிடுவார், எழுந்து போவார். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே சொர்ணம் வந்தாள். பொன்னமராவதிப் பையனுக்கு வேறு இடத்தில் பெண் பேசி முடித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அமராவதி எங்கள் இரண்டு பேருக்கும் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அடுத்த வருஷம் அவளுக்குக் கீரனூர்ப் பக்கம் நல்ல இடமாக அமைந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்க மாட்டீர்கள். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாதே. அன்றைக்கு என் மகள் வாழ்க்கையை இந்த மனுஷர் தன் வாயாலேயே கெடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

கார்த்திகை வந்தது. மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு மரத்தின் மறுமுனையைச் சுமந்தவர், வெளியூரிலிருந்து கார்த்திகைக்கு மட்டும் வருகிற இவருடைய சித்தப்பா மகன். அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கோட்டை வாசலுக்குப் போய்ச் சேரும் வரை ஊரில் வேறு யாரும் தொட மாட்டார்கள், அது எங்கள் வீட்டுச் சுமை. இவர் தனியாக மரத்தை வெட்டிச் சீவி, ஒரு முனையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மறுமுனை தரையில் இழுபட மலைப்பாதையில் ஏறத் தொடங்கினார். நான் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். நல்லா இழுங்கள், இதுதானே உங்களுக்கு வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முதல் திருப்பத்தில் கால் வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் எழுந்து மரத்தைத் தூக்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அது அப்படியேதான் இருந்தது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடிப்போய் மறுமுனையை என் தோளில் வைத்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். "முன்னாடி பாத்து நடங்க," என்றேன். மூன்று மாதம் கழித்து அவரிடம் நான் பேசின பேச்சு அது. அமராவதி ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். பனைத்துண்டு கனம் கனம்தான். வழி நெடுக அவரைத் திட்டினேன், அவர் பாட்டனைத் திட்டினேன், அரையனைத் திட்டினேன், கோட்டை கட்டுகிறவன் ரெண்டு வாசலாவது வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் சிரித்தாரோ என்னவோ, முதுகு மட்டும் குலுங்கியது.

வாசலுக்கு வந்தோம். ஊர் முழுக்க உள்ளே நின்றது. ஒரு பெண்பிள்ளை மரம் சுமந்து வருகிறாளே என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வழக்கப்படி இவர் குனிந்து மரத்தை இறக்கப் போனார். நான் இறக்கவில்லை. மரம் என் தோளிலேயே இருந்தது. உள்ளே நின்ற சிவசாமியைப் பார்த்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு அந்த வாத்தியாரு முன்னாடி ஊரே வாயப் பொத்திக்கிட்டு நின்னீங்களே, அது எதுக்கு? எங்க பழி போகட்டும்னுதானே நின்னீங்க? அச்சுல போட்டாத்தான் போகுமா? நீங்க போகச் சொன்னாப் போகாதா?"

சண்டை போடத்தான் கேட்டேன். கேட்டு முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. உள்ளே ஒரு குழந்தை பொரி கேட்டு அழுதது, அதை யாரோ அதட்டினார்கள். இவர் என்னிடம், இறக்கி வை மீனா, போவோம் என்றார்.

சிவசாமி துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வாசலைத் தாண்டி வெளியே வந்தார். நேராக என்னிடம் வந்து, "நீ தள்ளிக்க தங்கச்சி," என்று சொல்லிவிட்டு, என் தோளில் இருந்த முனையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். முன்னால் நின்ற இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"என்ன நிக்கிறீங்க? நடங்க மாப்ளே, நேரமாகுது," என்றார் சிவசாமி.

இவர் நடந்தார். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் போகும்போது தலை இடிக்கும் என்று குனிந்தார். உத்தரக்கல் எங்கேயோ உயரத்தில் இருக்கிறது, எதற்குக் குனிந்தாரோ தெரியவில்லை. இரண்டு பேருமாக மரத்தைக் குழியில் நட்டார்கள். நானும் அமராவதியும் ஓலையைச் சுற்றிக் கட்டினோம். கட்டி முடித்த பிறகுதான் நான் உள்ளே நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. சிவசாமி நெருப்பு வைத்தார். ஓலை படபடவென்று பிடித்துக்கொண்டது. எங்கள் பாட்டன் திறந்தானோ இல்லையோ, வாசலுக்கு நடுவில் நெருப்பு நின்றது. அதற்கு அந்தப் பக்கம், இத்தனை வருஷம் நாங்கள் நின்ற இடத்தில், ஒருவரும் இல்லை.